முன்பாரம், பின்பாரம்

"முன்னாலே தள்ளி உக்காருங்க தாயி! பின்பாரம் அடிக்கி!"

ஜட்கா வண்டியில் போயிருக்கும் சகோதரிகளுக்கு இந்தக் குரல் மறந்திருக்காது. நான் சிறுமியாக இருந்தபோது, சாரல் காலம் வந்துவிட்டால் பாவூர்சத்திரத்தில் ரயில் ஏறித் தென்காசியில் இறங்குவோம். ஸ்டேஷன் வாசலில் ஜட்கா பிடித்தால் குற்றாலம் மூன்று மைல். அந்த மூன்று மைலுக்குள் வண்டிக்காரர் எங்களைக் குறைந்தது ஆறு தடவையாவது முன்னும் பின்னும் நகர்த்திவிடுவார். அம்மா கையில் புளியோதரைப் பாத்திரம், மடியில் தம்பி, பக்கத்தில் அத்தை. இத்தனையோடும் நகர்வது என்றால் சும்மாவா? "இந்த மனுஷனுக்கு வேறே வேலை இல்லை" என்று அத்தை முணுமுணுப்பாள்.

வேறு வேலை இல்லாமல் அவர் அப்படிச் சொல்லவில்லை. ஜட்காவுக்கு இரண்டே சக்கரம். எல்லோரும் பின்பக்கம் உட்கார்ந்தால் ஏர்க்கால் மேலே எழும்பி, குதிரையின் வயிற்று வார் இறுகும். எல்லோரும் முன்பக்கம் சாய்ந்தால் பாரம் முழுவதும் குதிரையின் முதுகில் இறங்கும். இரண்டிலும் அவதிப்படுவது குதிரைதான். அதற்கு வாய் கிடையாதாகையால் அவர் அதற்கும் சேர்த்துக் கத்தினார்.

இந்தப் பழங்கதை எதற்கு இப்போது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். என் பேத்தி குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறாள். பெங்களூரில் இருக்கிறாள், வயது பதினேழு. வேகமாக ஓட்டுவதும், வேலி தாண்டுவதும் இல்லை அவள் படிப்பது. 'டிரெஸ்ஸாஜ்' என்று அதற்குப் பெயர். இருபது மீட்டர் அகலமும் அறுபது மீட்டர் நீளமும் உள்ள மைதானத்தில் குதிரை நடக்கவேண்டும், ஓடவேண்டும், பக்கவாட்டில் அடி வைக்கவேண்டும், நின்ற இடத்தில் திரும்பவேண்டும். ஏறக்குறைய நாட்டியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சவாரி செய்பவர் அதட்டக் கூடாது, சாட்டையை வீசிக் காட்டக் கூடாது. உட்கார்ந்திருக்கும் தினுசிலேயே, இடுப்பை இப்படி லேசாக, காலை அப்படி லேசாக வைத்தே, குதிரையிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட வேண்டும்.

"பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று எங்கள் வீட்டிலேயே ஒருவர் கேட்டார். (அவர் யார் என்று சொன்னால் இரவு சாப்பாட்டின்போது சண்டை வரும்.) அவருக்கு நான் டென்மார்க் தேசத்து லிஸ் ஹார்ட்டெல் கதையைச் சொன்னேன். ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி 1952-க்கு முன்பு ராணுவ அதிகாரிகளுக்கு மட்டும்தான். அந்த ஆண்டு ஹெல்சிங்கியில் முதல் தடவையாகப் பெண்களையும் அனுமதித்தார்கள். லிஸ் ஹார்ட்டெலுக்கு இளம்பிள்ளைவாதம் வந்து முழங்காலுக்குக் கீழே செயலற்றுப் போய்விட்டிருந்தது. குதிரைமேல் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். அந்த அம்மாள் ஆண்களோடு சரிசமமாகப் போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் வாங்கினார். 1956-லும் மறுபடி வெள்ளி! நம் தேசத்துக் கதையும் உண்டு. 2023 செப்டம்பரில், சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், இந்தப் போட்டியில் இந்தியக் குழு தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 வருஷங்களுக்குப் பிறகு கிடைத்த தங்கம். நால்வர் கொண்ட அந்தக் குழுவில் இருவர் பெண்கள்: இந்தூரின் சுதிப்தி ஹஜேலா, ஜெய்ப்பூரின் திவ்யகிருதி சிங். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்றுதான் என் பேத்திக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தது.

இப்படி ஆசையாகத் தொடங்கிய பெண், போன வருஷம் சாரலுக்கு ஊருக்கு வந்தபோது முகம் வாடியிருந்தாள். பாயில் படுத்தால் எழுந்திருக்க முடியவில்லை; இடுப்புக்குக் கீழே ஒரே வலி.

"ஏட்டி, என்னட்டி ஆச்சு?" என்றேன்.

"நான் விட்டுடுதேன் ஆச்சி. எனக்கு வரலை. ராஜாவுக்கும் என்னைப் பிடிக்கலை."

ராஜா என்பது குதிரை. பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்றது. பயிற்சிப் பள்ளிக்கு வந்தபோது விலா எலும்பை எண்ணலாமாம். இரண்டு வருஷத்தில் நன்றாகச் சாப்பிட்டு, நிதானமான வேலை செய்து, முதுகும் தோளும் திரண்டுவிட்டன. முதலில் சாதுவாக இருந்த பிராணி, சில மாதமாகச் சேணத்தைக் கண்டாலே காதைப் பின்னுக்கு மடிக்கிறதாம். வார் இறுக்கும்போது கடிக்க வருகிறதாம். மெதுவோட்டத்தில் முதுகைக் கல்லுப் போல் விறைத்துக் கொள்கிறதாம். பள்ளியில், "இது முரண்டு பிடிக்கிற குதிரை, விற்றுவிடலாம்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். குழந்தைக்குத் தூக்கம் போய்விட்டது.

எனக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் "சேணம் வந்தால் காதை மடிக்கிறது" என்று அவள் சொன்னதும் என் காதில் அந்தப் பழைய குரல் கேட்டது. "ஏட்டி, அதுக்குப் பின்பாரமோ முன்பாரமோ, எவனாவது பாத்தானா?" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். ஆனால் பெங்களூர் போன பிறகு விசாரித்திருக்கிறாள். சேணம் பொருத்திப் பார்ப்பதற்கென்றே படித்த ஒரு பெண்மணி வருவதாக ஏற்பாடாயிற்று. நானும் வேடிக்கை பார்க்கப் புறப்பட்டுவிட்டேன்.

சகோதரிகளே, அன்று நான் கண்டதை உங்களுக்குச் சொல்லத்தான் இந்த வாரம் இவ்வளவு பீடிகை.

சேணம் என்றால் மெத்தென்ற தோல் ஆசனம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உள்ளே ஒரு சட்டம் இருக்கிறது. மரமும் உருக்கும் சேர்த்துச் செய்தது. இப்போது செயற்கைப் பொருளிலும் செய்கிறார்கள். அந்தச் சட்டத்தின் முன்வளைவு, குதிரையின் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் இருக்கிறதே ஒரு மேடு, அதன்மேல் கவிழ்த்து வைத்த 'ப' எழுத்தைப் போல் நிற்கும். அதன் அடியில், முதுகெலும்பின் இரு பக்கமும் படிகிற மாதிரி, கம்பளி அடைத்த இரண்டு நீளத் திண்டுகள். நடுவில் முதுகெலும்பைத் தொடாமல் ஒரு வாய்க்கால். பாரம் எலும்பில் விழாமல் சதையில் பரவவேண்டும், அதுதான் சூத்திரம்.

வந்த பெண்மணி முதலில் செய்த காரியம், பள்ளியில் போட்டிருந்த மெத்தைத் துணிகளை எல்லாம் கழற்றி எறிந்ததுதான். ஒன்றல்ல, மூன்று! குதிரைக்கு வலிக்கிறதோ என்று பரிதாபப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். "அம்மா, கடிக்கிற செருப்புக்குள்ளே இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டால் கடி குறையுமா?" என்று என்னைக் கேட்டார். எனக்குச் சுரீரென்றது. இறுக்கமாக இருக்கும் ரவிக்கைக்கு உள்ளே இன்னும் ஒரு துணி வைத்துத் தைத்த கதைதான்.

பிறகு வெறும் முதுகில் சேணத்தை வைத்து, தோள்பட்டைக்குச் சற்று முன்னே இருந்து மெல்லப் பின்னுக்கு நகர்த்தினார். தானாக ஓரிடத்தில் போய் அமர்ந்தது. குதிரைக்கு நமக்கு இருப்பது போன்ற காறை எலும்பு கிடையாதாம். முன்னங்கால்கள் உடம்போடு சதையாலும் நாராலும் மட்டுமே கட்டப்பட்டிருக்கின்றன. அது முன்னங்காலை வீசி வைக்கும்போது தோள்பட்டையின் மேல்விளிம்பு பின்னுக்குச் சரியும். சேணம் அங்கே போய் உட்கார்ந்திருந்தால் ஒவ்வோர் அடிக்கும் இடிக்கும். பின்பக்கமும் ஓர் எல்லை உண்டு. குதிரைக்குப் பதினெட்டு ஜோடி விலா எலும்புகள். கடைசி விலாவைத் தாண்டிச் சேணம் போகக் கூடாது. அதற்குப் பின்னால் தாங்குவதற்கு விலா இல்லை.

இனி ராஜாவின் குறைக்கு வருகிறேன். அந்தப் பழைய சேணத்தின் முன்வளைவு, எலும்பும் தோலுமாக அது வந்தபோது வாங்கியது. இப்போது தோள் திரண்ட குதிரைக்கு அது குறுகல். குறுகலானது கீழே இறங்காது அல்லவா? முன்பக்கம் உயரத் தூக்கிக்கொண்டு நிற்கும். முன்பக்கம் தூக்கினால் பின்பக்கம் தாழும். அந்தத் தாழ்வில் என் பேத்தி சறுக்கிப் போய் உட்கார்ந்திருக்கிறாள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி. கால் முன்னே போய்விடும். இடுப்பு பின்னே மடங்கும். இந்த வித்தையில் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கவேண்டும். அவள் அந்தக் கோட்டுக்கு வருவதற்காக மணிக்கணக்கில் சேணத்தோடு மல்யுத்தம் செய்திருக்கிறாள். அதுதான் அந்த இடுப்பு வலி. குதிரைக்கோ முன்னே தோளில் கிடுக்கிப்பிடி, பின்னே முதுகில் பாரம். மெதுவோட்டத்தில் ஒவ்வொரு தடவை கால் ஊன்றும்போதும் சவாரி செய்பவரின் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு அழுத்தம் முதுகில் விழும் என்கிறார்கள். விறைத்துக் கொள்ளாமல் என்ன செய்யும்?

பெண்மணி இதை விளக்கியதும் நான் என் பேத்தியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "பின்பாரம்" என்றோம் இரண்டு பேரும் ஒரே சமயத்தில்!

சட்டமே குறுகல் என்றால் கம்பளியைக் கூட்டிக் குறைத்து ஒப்பேற்ற முடியாதாம். வேறு சேணம்தான். ஒரு வாரத்தில் மூன்று சேணங்கள் வந்து இறங்கின.

முதலாவது புதிது, விலை குறைவு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த அம்மாள் திண்டுக்கும் முதுகுக்கும் நடுவே கையைச் செலுத்தி முன்னிருந்து பின்வரை தடவினார். முன்னும் பின்னும் அழுத்தமாகப் படிந்தது. நடுவில் கை தாராளமாகப் போயிற்று. ஆற்றின்மேல் பாலம் மாதிரி. பாரம் முழுவதும் நான்கு மூலைகளில் விழும். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

இரண்டாவது இருக்கிறதே, அம்மாடி! ஐரோப்பாவிலிருந்து வந்தது. கறுப்புத் தோல் கண்ணாடிபோல் பளபளக்கிறது. பின்விளிம்பில் மினுமினுப்பு வேலைப்பாடு. தீபாவளிக்குப் பட்டுப்புடவை விரித்துக் காட்டின மாதிரி இருந்தது. பேத்தி ஏறி உட்கார்ந்தாள். சொல்லிவைத்துச் செய்த மாதிரிப் பொருந்திற்று. இதுவரை அவள் உட்கார்ந்தது பதினெட்டு அங்குல ஆசனம், யாரோ உயரமான ஆண்பிள்ளைக்கு வாங்கியது. இது பதினாறரை. பின்னால் நான்கு விரல் இடம் மிச்சம். தொடையின் நீளத்துக்குப் பக்கத் தோல் சரியாக இருந்தது. இங்கே நமக்குத் தெரிந்திருக்கவேண்டிய ஒரு விஷயம் உண்டு. பொதுவாகப் பெண்களின் இடுப்பெலும்பு ஆண்களுடையதைவிட அகலம். உட்காரும் எலும்புகளுக்கு இடையே தூரம் ஜாஸ்தி. முன்பக்கத்து எலும்பின் வளைவும் விரிந்தது. ராணுவத்து ஆண்களுக்காக வளர்ந்த வடிவத்தில் பெண் உட்கார்ந்தால், ஆசனம் போதாமல் எலும்பு விளிம்பில் தொங்கும், முன்பக்கம் உராயும். வெளியே சொல்ல வெட்கப்பட்டு எத்தனை பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சவாரி செய்கிறார்களோ! என் பேத்தியும் எனக்கே அன்றைக்குத்தான் சொன்னாள். சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெண் குதிரையேற்றமோ சைக்கிளோ எது பழகினாலும், "உட்காரும் இடத்தில் வலிக்கிறதா?" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

இவ்வளவு அழகாக அவளுக்குப் பொருந்திய அந்தச் சேணம் குதிரைக்குப் பொருந்தவில்லை. ஆள் உட்கார்ந்ததும் முன்வளைவுக்கும் முதுகு மேட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கவேண்டும். இதில் ஒரு விரல்கூட நுழையவில்லை. சட்டம் அகலம் அதிகம். அப்படியே இறங்கி எலும்பில் உட்கார்ந்துவிட்டது.

"கொஞ்சம்தானே? துணி போட்டு உயர்த்தினால்?" என்று பேத்தி கெஞ்சினாள். கண்ணில் நீர். விலை லட்சக்கணக்கில், அவள் அப்பா கடன் வாங்கியாவது கொடுக்கத் தயாராக நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. புடவைக் கடையில் நானும் இப்படி நின்றிருக்கிறேன்.

கொட்டிலுக்குள் போய் ராஜாவின் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள். அதன் முதுகு மேட்டில், பழுப்பு ரோமத்துக்கு நடுவே, காசளவு இரண்டு வெள்ளைத் திட்டுகள் இருந்தன. பிறவி மச்சம் என்று இதுவரை நினைத்திருக்கிறாள். சேணம் அழுத்தி அழுத்தி, ரோமத்துக்கு நிறம் கொடுக்கும் உயிர்ச்சத்து செத்துப்போன இடம் அது என்று பெண்மணி சொல்லியிருந்தார். திரும்பி வந்து, "மூணாவதைக் காட்டுங்க" என்றாள்.

மூன்றாவது பழசு. ஒருவர் உபயோகித்து விற்றது. தோல் அங்கங்கே வெளிறியிருந்தது. ஆனால் சட்டத்தின் அகலம் சரி. பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் திண்டுகளுக்கு நடுவே வெளிச்சம் நேராகத் தெரிந்தது. ஆசனத்தின் ஆழமான இடம் முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நடுவில் நின்றது. பேத்திக்கு ஆசனம் பதினேழு அங்குலம். அரை அங்குலம் கூடுதல், பாதகமில்லை என்றார். இடது திண்டில் மட்டும் கம்பளியைக் கொஞ்சம் கூட்டவேண்டியிருந்தது. ராஜாவின் இடது தோள் சற்றுச் சிறியதாம். நமக்கும் இரண்டு கையும் ஒரே அளவா என்ன?

வாங்குவதற்கு முன் இருபது நிமிஷம் சவாரி செய்து பார்த்தார்கள். இறங்கியதும் அவசரமாகத் துடைத்துவிடாமல் முதுகைப் பரிசோதித்தார் அந்த அம்மாள். வியர்வை இரு பக்கமும் ஒரே சீராகப் படிந்திருந்தது; நடுவில் முதுகெலும்பின் மேல் மட்டும் உலர்ந்த கோடு. அப்படித்தான் இருக்கவேண்டும். வியர்வைக்கு நடுவே திட்டுத்திட்டாகக் காய்ந்த இடம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அங்கே அழுத்தமோ, தொடாத இடைவெளியோ இருக்கிறது என்று அர்த்தம்.

வெளிநாட்டுச் சரக்குதான் உசத்தி என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். நம் கான்பூரில் பட்டாளத்துக்காகச் சேணம் தைக்க ஆரம்பித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே. இன்றைக்கும் அங்கிருந்து கடல் கடந்து போகிறது. புவிசார் குறியீடுகூட வாங்கியிருக்கிறார்கள். எந்த ஊர்ச் சரக்கானாலும், குதிரையின் முதுகில் வைத்துப் பார்க்காமல் காசைக் கொடுப்பதுதான் தவறு. மாப்பிள்ளை பார்க்காமல் பத்திரிகை அடிப்பது போல.

முதலிலேயே குதிரைக்குப் பார்த்து, பிறகுதான் ஆளுக்குப் பார்க்கவேண்டும் என்பது அந்தப் பெண்மணியின் கட்சி. அவர் கட்சியே என் கட்சியும். நமக்கு வலித்தால் நாம் இறங்கி நடக்கலாம். ஆனால் இரண்டு வலியும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது என்பதை நான் அங்கே நேரில் பார்த்தேன். சேணம் மாறிய மூன்று வாரத்தில் பேத்தியின் இடுப்பு வலி போயிற்று. ராஜாவுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. சேணத்தைக் கண்டால் பழைய பயத்தில் காது போகும், பிறகு ஞாபகம் வந்ததுபோல் நிமிரும். இரண்டு மாதத்துக்கு மேல் ஆன பிறகுதான் ஒரு நாள் முதுகைத் தளர்த்தி, கழுத்தை நீட்டி, மூக்கால் 'புர்ர்' என்று மூச்சு விட்டதாம். டெலிபோனில் அந்தச் சத்தத்தை அவளே செய்து காட்டினாள். விற்கும் பேச்சு நின்றுவிட்டது.

இன்னொரு சங்கதியும் உண்டு. சேணம் வாங்கினால் ஜன்மத்துக்கும் அதுவே என்று இருக்க முடியாது. வேலை செய்யச் செய்யக் குதிரையின் முதுகு மாறும், உள்ளே கம்பளி அமுங்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தரமாவது அளவு பார்க்கவேண்டும். அளவு எடுக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வளைத்தால் வளைந்தபடி நிற்கும் ஒரு பட்டையை முதுகு மேட்டின்மேல் வைத்து அழுத்தி, மெல்ல எடுத்து, காகிதத்தில் வைத்துப் பென்சிலால் கோடு இழுக்கிறார்கள். ரவிக்கைக்குக் கழுத்து வெட்டக் காகிதம் கத்தரிக்கிறோமே, அச்சு அசல் அதேதான்.

முதல் காகிதத்தை நான் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். தையல் மெஷின் டிராயரில், என் ரவிக்கை அளவுகளோடு மடித்து வைத்திருக்கிறேன். பங்குனியில் இரண்டாவது காகிதம் தபாலில் வந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டாவது கோடு இரண்டு பக்கமும் ஒரு நூல் அகலம் வெளியே போயிருந்தது. இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே.